தீவுக்குப் போன குதிரை

தமயந்தி தன் தோழிகளோடு ஆடும் கதை விளையாட்டுக்காக, எங்குமே இல்லாத ஒரு நாட்டின் வரைபடத்தை வரைந்தாள். மலை, கோட்டை, காடு என்று வரைந்து வரைந்து அவளுடைய பென்சில் நகமளவு தேய்ந்துபோனது. கடைசியாக அது வரைந்தது கடல் மூலையில் ஒரு சின்னத் தீவு. பென்சிலுக்கு அந்தத் தீவென்றால் உயிர்.

ஞாயிறுதோறும் தோழிகள் பகடை உருட்டி, மரக்குதிரையை வரைபடத்தின் மேல் நகர்த்துவார்கள். ஆட்டம் முடிந்து குதிரை பென்சில் கிடக்கும் பெட்டிக்குள் வந்ததும், “தீவுக்குப் போனியா?” என்று பென்சில் கேட்கும்.

“இன்னிக்கும் கோட்டைதான்ப்பா” என்று குதிரை அலுத்துக்கொள்ளும்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒரு ஞாயிறு குதிரை தயங்கித் தயங்கிச் சொன்னது: “போனேன்.”

“எப்படி இருக்கு? சொல்லு!”

“கரை அழகா இருக்கு. உள்ளே ஒண்ணுமே இல்ல. குடிக்கத் தண்ணி இல்லேன்னு உடனே திரும்பிட்டாங்க.”

ஒரு சுனை வரையும் அளவுக்கு பென்சிலிடம் இன்னும் கரி இருந்தது. விரல்கள் பிடிக்கத்தான் இடமில்லை.

“எனக்கு அங்கிருந்து திரும்ப மனசே வரல” என்றது குதிரை.

பென்சில் மெல்ல உருண்டு அதன் அருகே வந்தது.

“அந்தக் கரையைப் பத்தி இன்னொரு தடவை சொல்லேன்.”