ரேஷன் கடையின் புதுக் கதவு

எல்லோருக்கும் திறக்கும் ரேஷன் கடைக் கதவு மாசிலாமணிக்கு மட்டும் நான்கு நாளாகத் திறக்கவில்லை. பதினான்கு மாதக் குடியரசு கவிழ்ந்து, அரசர் திரும்பி வந்ததும் பொருத்திய கதவு அது; அவர் படத்துக்கு முன் குனிந்து வணங்கினால்தான் திறக்கும்.

“குனிஞ்சுதானம்மா நிக்கேன். வீட்டுல தாயில்லாப் புள்ள பசியில கெடக்கு.”

பழுதுபார்க்க வந்த ரெஜினா ஆர்வமாக விளக்கினாள். “இடுப்ப மட்டும் மடக்குதீக அண்ணாச்சி. அரசர் படத்துக்கு முன்னால முதுகே வளையணும். கேமரா ஒவ்வொரு எலும்பா அளக்கும். முதுகுல என்ன வச்சிருக்கீக?”

“டாக்டர் வச்ச ஸ்டீல் கம்பி. குடியரசுக் கொடிய இறக்க மாட்டேன்னு நின்னேன். அரசர் படை முதுக முறிச்சிட்டுது.”

“அப்ப கேமராவுல கோளாறு இல்ல அண்ணாச்சி. உங்ககிட்டதான்.”

மறுநாள் மருத்துவமனையில் மாசிலாமணியே கேட்டுக் கம்பியை உருவ வைத்தார். இனி அவரால் நிமிர முடியாது. கதவு உடனே திறக்கிறது.