ஒரு டப்பா கரிமருந்து

“மன்னிப்புக் கடிதம் எழுதறதுக்கு நாங்க வரலை சார்,” என்றாள் அவள். கிளப் தலைவர் நீட்டிய பேனாவைத் தொடாமல் கைப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

பழங்காலத் துப்பாக்கி சுடுகிறவர்களின் கிளப் அது. தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துத்தான் சுட வேண்டும். அவளுடைய கணவருக்கு அங்கே ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் மூன்று முறை சுடுவதற்குள் அவர் ஒருமுறைதான் சுடுவார். அப்பேர்ப்பட்டவர் கையில்தான் போன மாதப் போட்டியில் துப்பாக்கி வெடித்து, குழல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துபோனது. இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விரல் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பேர் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வெடித்தபோது புகையே வரவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். கரிமருந்து என்றால் ஆளையே மறைக்கிற புகை வரும். ஆகவே உள்ளே இருந்தது புதுத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்து. அதன் வேகத்தைப் பழைய குழல் தாங்காது என்பது அந்த கிளப்பில் பாலபாடம். அப்படியிருக்க அதைப் போட்டது யார் என்பதுதான் விசாரணை.

மருந்து விற்ற கடைக்காரர், தான் கொடுத்தது கரிமருந்துதான் என்று ஒரே பிடியாகச் சாதித்தார். குண்டு வேகமாகப் போக வேண்டும் என்ற பேராசையில் நிதானமே வேறு மருந்தைப் போட்டிருப்பார் என்று போகிற போக்கில் ஒரு ஊகத்தையும் அவிழ்த்துவிட்டார். கிளப்பின் செயலாளரும் அவரே. அவர் பேச்சு அம்பலம் ஏறியது. நிதானம் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு கிளப்பைவிட்டு விலக வேண்டும் என்று முடிவாயிற்று.

இதில் பெரிய கொடுமை, நிதானமே அதை நம்ப ஆரம்பித்துவிட்டதுதான். ஒருவேளை நானேதான் மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம், விடும்மா,” என்றார் இப்போதும், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

“நீங்க சும்மா இருங்க.”

பதினைந்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். படியில் தொங்குகிற தடியர்களை ஒரே பார்வையில் உள்ளே ஏற்றியவள். அந்தப் பார்வையைத்தான் இப்போது கடைக்காரர் பக்கம் திருப்பினாள். கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில் ‘கரிமருந்து, பெரிய குருணை’ என்றிருந்தது.

“அண்ணே, இது உங்க கடை டப்பாதானே? உங்க கையெழுத்துதானே?”

பெரிய பீப்பாயிலிருந்து மருந்தை அளந்து, தகர டப்பாவில் அடைத்து, தானே எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். இல்லை என்று சொல்ல வழியில்லை. ஆமாம் என்றார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எங்க வீட்டு அலமாரியில இருந்தது.”

டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள். உள்ளே பாதிக்குமேல் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

“உங்க துப்பாக்கி அதோ சுவரோரமா சாத்தியிருக்கு. வெளியே மைதானம் காலியாத்தான் இருக்கு. நீங்க குடுத்தது கரிமருந்துதான்னா, இதுல இருந்து எடுத்துக் கெட்டிச்சு ஒரே ஒரு தடவை சுடுங்க. நான் உங்க பக்கத்துலயே நிக்கறேன். அப்புறம் இவரோட சேர்ந்து நானும் மன்னிப்பு எழுதித் தர்றேன்.”

தலைவர் அது நியாயம்தானே என்றார். கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. மருந்து நமத்துப்போயிருக்கும் என்றார். வீட்டில் யாராவது எதையாவது கலந்திருக்கலாம் என்றார். தனக்கு முழங்கால் வலி என்றுகூடச் சொன்னார்.

“சரி, சுட வேண்டாம். திறந்து ஒரு சிட்டிகை கொளுத்திப் பார்ப்போம். புகையைப் பார்த்தாலே எது என்ன மருந்துன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே.” டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள்.

“திறக்காதம்மா,” என்றார் கடைக்காரர்.

டேப் பாதி உரிந்து நின்றது. கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. போட்டிக்கு முதல் நாள் கரிமருந்து தீர்ந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் நிதானம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் ஒரு டப்பாவில் புகையில்லா மருந்தை அடைத்து, கரிமருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நிதானமும் டப்பாவின் எழுத்தை நம்பிக் கொட்டிவிட்டார்.

“ரெண்டும் கறுப்புதானே, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“வெளுத்ததெல்லாம் பாலும் இல்ல, கறுத்ததெல்லாம் கரிமருந்தும் இல்லண்ணே.”

தலைவர் மன்னிப்புக் கடிதத்துக்காக வைத்திருந்த தாளை எடுத்து, கடைக்காரர் சொன்னதை அதிலேயே எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார். நிதானம் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தார். நான் போடலை, நான் போடலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் அவர் தோளில் கை வைத்தாள்.

தலைவர் டப்பாவை ஆதாரமாக அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

“அந்த டப்பா அன்னிக்கே இவர் பையோட சேர்ந்து எரிஞ்சு போச்சு சார்,” என்றபடி அவள் மிச்ச டேப்பையும் உரித்து மூடியைத் திறந்தாள். “இது முன்னாடி எப்பவோ வாங்கின பழைய டப்பா. உள்ள இருக்கறது எங்க வீட்டு டீத்தூள். தண்ணி கொதிக்க வைக்கச் சொல்லுங்க, அண்ணனுக்கும் சேர்த்துப் போடறேன்.”