திரையின் பக்குவம்

ஒரு கணினிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. தமயந்தி மூன்று வருடமாக எழுதிவந்த ஆய்வேடு முழுவதும் அதனிடம்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. ஒருநாள் காலை அது டிக் டிக்கென்று இருமத் தொடங்கியது.

“அண்ணே, நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன்,” என்றது திரையிடம். “எல்லாத்தையும் பென் டிரைவுல நகல் எடுக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை.”

திரை பயந்த சுபாவம். தமயந்தி முகம் சுளித்தால் அதற்குத் தாங்காது. ஆகவே ஓரமாக, சின்ன எழுத்தில், “நேரம் கிடைக்கும்போது நகல் எடுக்கலாமே” என்று காட்டியது. பக்கத்திலேயே “பிறகு” என்றொரு பொத்தானையும் வைத்தது. அவள் வாசிக்காமலே அதை அழுத்தினாள்.

“கல்யாணப் பத்திரிகையா வைக்கிறீங்க?” என்றது டிஸ்க். “சாகப்போறேன்னு சொல்லுங்கண்ணே.”

“வேலையா இருக்கா, தம்பி. வெடுக்குனு சொன்னா பதறிடுவா. பக்குவமாத்தான் சொல்லணும்.”

ஒன்பது நாள் பக்குவமாகச் சொன்னது. ஒன்பது நாளும் அவள் “பிறகு” என்றாள். அவள் கோபப்படவில்லையே என்று திரைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள், கடைசி அத்தியாயத்தின் நடுவில், இருமல் நின்றது.

“தம்பி,” என்றது திரை. பக்குவமான வரியொன்றைக் காட்டப் பார்த்தது; எழுத்து வரவில்லை. பணிவான சொற்களும் பொத்தான்களும்கூட டிஸ்க்கில்தான் இருந்தன என்பது அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. கறுத்துப்போன அதன் முகத்தில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது: “டிஸ்க் இல்லை.”

தமயந்தி அதை மட்டும் முழுதாக வாசித்தாள்.