பனிக்குத் தள்ளுபடி

கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்க வரமாட்டேன் என்று உமையாள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விமானம் என்றாலே பயம். அதனால் அவள் கணவர், பாத்திரக்கடை வைரவன், கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டை வாங்கிப் போட்டு, அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, கொட்டும் பனியில் தினமும் பத்திரமாகத் தரையிறக்கிக் காட்டினார். முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது இறக்கையில் பனிக்கட்டி பிடித்து, விமானம் செங்கல் மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. கடையில் ஒரு ரூபாய் குறைக்க மனம் வராத மனிதர், அதன்பின் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் செட்டிங்கில் போய், பனிக்கட்டி பிடிப்பதை மட்டும் முழுசாகத் தள்ளுபடி செய்துவிடுவார். உமையாளுக்குப் பயம் போனது.

இப்போது, வழியில் விமானம் மாறிய ஊரில், அவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் கிளம்பாமல் நிற்கிறது. ஒரு லாரி வந்து இறக்கைமேல் ஆரஞ்சு நிறத்தில் எதையோ பீய்ச்சுகிறது.

"ஐஸ் பிடிச்சா மேல தூக்காதும்மா, அதான் மருந்து அடிக்கிறாங்க" என்றான் அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ் இளைஞன்.

"எங்க வீட்டுக்காரவுக இதெல்லாம் அடிக்கிறதே இல்ல தம்பி. எத்தனை பனியில எறக்கியிருக்காக."

"சார் பைலட்டா?"

வைரவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேயும் இறக்கைதான் இருந்தது.

"ஏங்க, கிளம்புறதுக்கு முன்னாடி செட்டிங்குல போயி ஒண்ணு அமுக்குவீகளே, இந்த பைலட்டு அதை மறந்துட்டாரு போல. ஒரு எட்டு போயிச் சொல்லிட்டு வாங்களேன், பாவம்."

அவர் போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். இளைஞனும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றான்.