ரத்தக்காட்டேரி வேஷம்

"முதல்ல பவுடரைப் பூசுங்க," என்று அவசரப்படுத்தினான் தங்கையின் கணவன். மனைவியை எங்கேயும் தனியே அனுப்பாதவன், ஸ்டுடியோவுக்கும் நிழல் மாதிரி கூடவே வந்திருந்தான்.

"ரத்தக்காட்டேரி வேஷம் மாப்பிள்ளை. அவசரப்பட்டா மாறுவேஷப் போட்டியில எடுபடாது. மேக்கப்புக்கு முன்னாடி கலர் பார்க்க ஒரு படம் எடுக்கணும். அந்த லைட்டைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் போட்டோ எடுக்கும் அக்கா.

"எடுத்ததும் அதை அழிச்சிடணும்."

படம் எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

அப்புறம்தான் வெள்ளைப் பவுடர், கோரைப்பல், கழுத்தில் வழியும் சிவப்புச் சாயம். படங்களைப் பார்த்தவனுக்கு வாயெல்லாம் பல். "அசல் காட்டேரிதான்!" என்று சிரித்துக்கொண்டே காரை எடுக்கப் போனான்.

தங்கை உடைந்து அழுதாள். "அழிச்சிட்டியேக்கா! அவர் என் கழுத்தை நெரிச்சதுக்கு அது ஒண்ணுதானே சாட்சி? தடம் ரெண்டு நாள்ல மறைஞ்சிடுமே!"

"இந்தக் கேமராவுல ரெண்டு மெமரி கார்டுடி. எடுக்கிற படம் ரெண்டுலயும் பதியும். அழிச்சது ஒண்ணுலதான். இன்னொண்ணு வக்கீலம்மாவுக்கு."

கீழே ஹாரன் அலறியது.

கோரைப்பல்லைக்கூடக் கழற்றாமல் தங்கை எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.