அடுத்த வீட்டுச் சூடு

குன்னூரில் தனியாக இருக்கும் ஹில்டா டீச்சர் நாள் முழுக்கப் பேசுவது வெந்நீர் மெஷினோடு மட்டும்தான். பின்சுவரில் மாட்டியிருக்கும் அது, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீரைக் காய்ச்சும். கேட்டால் பதிலும் சொல்லும்.

அன்றைக்கும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது.

"நாலு நாளா இதே கதை. உனக்கும் வயசாயிடுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். வெளியே மூணு டிகிரி. இந்தக் குளிர்ல இவ்வளவுதான் முடியும்."

"போன வருஷமும் இதே மூணு டிகிரிதானே? அப்ப மட்டும் கொதிக்கக் கொதிக்கக் குடுத்தியே?"

"ஊருக்குத்தான் மூணு. என் பக்கத்துல பன்னிரண்டு இருந்துச்சு. அடுத்த வீட்டு அடுப்படிக் காத்து என் மேலதான் அடிக்கும். விடியறதுக்கு முன்னாடியே அங்க அடுப்பு எரியும். நாலு நாளா அந்தக் காத்து வரல."

டீச்சர் வாளியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடினார். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். சத்தமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார்.

ஏழு வருஷம் அந்த வீட்டுச் சூட்டில் குளித்தவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை.