அதிபரின் இளமைக் காலம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்யும் 'ரேடியோ' சொல்லித்தான் தெரியும். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர்.

அங்கே கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல் அக்கா, சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாவலை வாசிப்பார். மற்றவர்கள் சாப்பிட்டபடியே கேட்பார்கள். நகரத்தைச் சுவர் வைத்துப் பிரித்து, பாதிப் பேரைப் பட்டினி போடும் ஓர் அதிபரின் கதை. நாலு பாகம் முடிந்து, அவன் செத்தும் போனான். இப்போது அக்கா கையிலிருந்த ஐந்தாவது புத்தகம் அவனுடைய இளமைக் காலம்.

ரேடியோவுக்கு அது பிடிக்கவேயில்லை.

"செத்தவனை எதுக்குக்கா தோண்டி எடுக்கிறீங்க? அவன் பால் குடிச்ச கதையெல்லாம் நமக்கெதுக்கு?"

"பொறக்கும்போதே சுவரோடவா பொறந்தான்? கேளுடி."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே படிக்கட்டில், புதிதாக வேலைக்கு வந்தவள் முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இஸ்திரி மெஷினில் கை மாட்டாமலிருக்க வைத்த தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறாள் என்று ரேடியோவின் தோழியைப் பற்றி ஆபீசில் சொன்னவள் இவள்தான். தோழியை வேறு ஷிப்டுக்குத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இவளோடு யாரும் பேசக்கூடாது என்பது ரேடியோ போட்ட சட்டம். மீறிப் பேசினால் அவர்களும் எதிர்க்கட்சி. இந்த வாரத்தோடு புதியவள் வேலையை விடப்போவதாகக் கேள்வி.

கொடுங்கோலனுக்காக உருகும் தையல் அக்காவும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியதில்லை.

அன்றைக்கு வாசித்த அத்தியாயத்தில் அதிபர் விடுதியில் தங்கிப் படிக்கும் பையன். கூட இருந்த ஒருவன் செய்த தப்பை வார்டனிடம் சொல்லிவிடுகிறான். மறுநாளிலிருந்து அவன் தட்டு வைக்கும் மேசைக்கு யாரும் வருவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். தினமும் அதே சுவர்.



"ஒருத்தனாவது போய் உக்காந்திருக்கலாம்," என்றாள் ரேடியோ. "இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

ரேடியோ தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

"நகரு. கோபமெல்லாம் போகலை. உள்ளே புழுக்கமா இருக்கு, அதான்."

புதியவள் நகர்ந்து இடம் விட்டாள். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

கேட்டதும் எனக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தோன்றியது. நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அந்த விடுதி அத்தியாயத்தை எங்கேயாவது தவறவிட்டிருப்பேனோ என்று பயந்து, முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

அதில் அதிபர் பெரிய வீட்டுப் பிள்ளை. விடுதியில் தங்கியதே இல்லை. சாப்பாட்டு மேசையில் அவனைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள்.